பெல்ட் அறுந்ததற்கு லாரியை விற்பதா?

"ஃபேன் சத்தம் போட ஆரம்பிச்சிருச்சுங்களா? அப்ப மெஷினுக்கு அவ்வளவுதானுங்க. இதுக்கு மேல காசு போடாதீங்க, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துருங்க."

சேலத்திலும் நாமக்கல்லிலும் இரையும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யோசனை கேட்கப் போகிறவரின் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் இந்த வாக்குதான். விற்பவர் சொல்லாவிட்டால் உறவுக்காரப் பையன் சொல்வான். அவனும் சொல்லாவிட்டால் வைத்திருப்பவரே தமக்குச் சொல்லிக்கொள்வார்: ஐந்து வருஷம் ஓடியாச்சு, வெயிலும் இந்தக் காய்ச்சு காய்ச்சுகிறது, அதுவும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும் என்று. கேட்க நியாயம் போலவே இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சில் உண்மை இல்லை. ஃபேனின் ஆயுளும் கம்ப்யூட்டரின் ஆயுளும் ஒன்றல்ல. ஃபேன் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு; மாற்றுவதற்கென்றே நாலு திருகாணியில் நிற்கும் உறுப்பு. அது கரகரப்பதை வைத்து மொத்த மெஷினுக்கும் முடிவு எழுதுவது, இந்த ஊர்க்காரர்கள் தங்கள் தொழிலில் ஒருநாளும் செய்யாத காரியம்.

நாமக்கல் லாரிக்கு பாடி கட்டிக் கொடுக்கும் ஊர். தென் மாநிலங்களின் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமையிடமும் அதுவே. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய் ஆழ்துளை போட்டுவிட்டுத் திரும்புகின்றன. வண்டி சூடேறினால் என்ன பார்க்க வேண்டும் என்பது இங்கே கிளீனர் பையனுக்குக்கூடப் பாடம். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டரின் இடுக்கில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்து, ஏர் அடித்து, பெல்ட்டை மாற்றிக் கிளம்பிவிடுவார்கள். ரிக் வண்டியின் கம்ப்ரசர் வெப்ப எல்லையைத் தாண்டினால் தானாக நின்றுவிடும். அதைப் பார்த்து "கம்ப்ரசர் போச்சு" என்று எந்த ஆபரேட்டரும் கைகழுவுவதில்லை. கூலரைச் சுத்தம் செய்கிறார்.

கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் அதே ஏற்பாட்டின் சின்ன வடிவம்தான். லேப்டாப்பைத் திறந்தால் பிராசஸரின் மேல் ஒரு செப்புத் தகடு, அதிலிருந்து ஓரத்துக்குப் போகும் தட்டையான செப்புக் குழாய், குழாயின் முடிவில் சீப்புப் பல் போல நெருக்கமான தகடுகள், அவற்றை ஒட்டி ஒரு ஃபேன். குழாய் வெறும் உலோகத் துண்டு அல்ல. அதன் உள்ளே சொட்டுக் கணக்கில் நீர் அடைக்கப்பட்டிருக்கிறது. பிராசஸர் பக்கத்து முனையில் அந்த நீர் ஆவியாகிறது. தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகி, குழாயின் உள்சுவர் வழியாகத் திரும்பி வருகிறது. ரேடியேட்டர் தெரிந்தவருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் லாரிக்கு ஒரு நியாயம், லேப்டாப்புக்கு ஒரு நியாயம்.

வெயிலின் மேல் போடும் பழியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சேலத்து மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது, உண்மைதான். ஆனால் ஃபேன் குளிரை உண்டாக்கும் கருவி அல்ல. சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றிவிடும் கருவி. அறை 30 டிகிரியில் இருக்கும்போது 70 டிகிரியில் ஓடும் பிராசஸர், அறை 40 ஆனால் ஏறத்தாழ 80-க்குப் போகும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கும் நிறுவனமே வைத்திருக்கும் உச்ச எல்லை 100 டிகிரி. ஆக, கோடை எடுத்துக்கொள்வது பத்து டிகிரி. அதற்குப் பிறகும் இடம் மிச்சம். வெயில் சுமையைக் கூட்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மெஷினைக் கொல்வது வெயில் என்றால் ஒவ்வொரு மே மாதமும் இரண்டு மாவட்டத்துக் கம்ப்யூட்டர்களும் மொத்தமாக நின்றிருக்க வேண்டும்.

உண்மையான குற்றவாளி தூசி. அதிலும் இந்தச் சமவெளியின் தூசிக்கு ஊருக்கு ஊர் வேறு குணம். குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் தறிப்பட்டறையை ஒட்டிய அறையில்தான் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் இருக்கும். தறி ஓடும் வரை பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். பஞ்சு இழை மண்ணைப் போலக் கீழே படிவதில்லை. காற்றோடு போய், தகடுகளின் வாயில் மாட்டி, அடுத்து வரும் இழையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில மாதங்களில் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு படலம் உருவாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும்; விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். நாமக்கல் தீவன ஆலையில் மக்காச்சோள மாவும் தவிடும். ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலையில் கிழங்கு மாவு. மழைக்கால ஈரத்தில் அது பசை போல ஒட்டிக்கொள்ளும். சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டியும் மேட்டூர் அனல்மின் நிலையத்தை ஒட்டியும் பவுடர் போன்ற நுண்தூள். அது படலம் கட்டாமல் பேரிங்கின் எண்ணெயோடு கலந்து அரைக்கும் விழுதாக மாறுகிறது. கோழிப்பண்ணை அலுவலகத்தில் இறகுப் பொடி. இவற்றில் எதற்கும் வயதோடு சம்பந்தமில்லை. ஆறு மாதமே ஆன மெஷினும் தறிப்பட்டறையில் மூச்சுத் திணறும்.

மூச்சு அடைத்த கம்ப்யூட்டர் செய்வது என்ன? அங்கேதான் "வயசாயிருச்சு" என்ற தப்பான தீர்ப்பு பிறக்கிறது. சூடு எல்லையை நெருங்கியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குறைத்தும் சூடு ஏறினால் மொத்த மெஷினையும் அணைத்துவிடுகிறது. கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நாலு ஜன்னல் திறந்தால் உறைந்துவிடுகிறது, மத்தியானம் இரண்டு மணிக்குத் தானாக அணைகிறது. வைத்திருப்பவர் கண்ணுக்கு இது முதுமை. நடப்பதோ தற்காப்பு.

அந்தத் தற்காப்பு எவ்வளவு திடமானது என்பதற்கு 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தொழில்நுட்ப இதழ் நடத்திய சோதனையே சாட்சி. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களின் பிராசஸர் மேலிருந்து, சூட்டை வாங்கிக் கடத்தும் ஹீட்சிங்க்கை ஃபேனோடு சேர்த்துப் பிடுங்கிப் படம்பிடித்தார்கள். ஏஎம்டியின் அத்லான் நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெல்லின் பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4 நிற்கவே இல்லை. தவழும் வேகத்துக்கு இறங்கி ஓடியது, ஹீட்சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு ஏறியது. அந்தப் படம் உலகெங்கும் சுற்றியது. பிறகு வந்த பிராசஸர்களில் இரண்டு நிறுவனங்களுமே இந்தக் காவலை உள்ளேயே வைத்துக் கட்டின. இன்று ஒருவரின் மேஜையில் மெதுவாகிக் கிடக்கும் மெஷின், அன்று அந்த பென்டியம் 4 செய்ததையே செய்துகொண்டிருக்கிறது. காற்றுப் பாதையைத் திறந்துவிட்டால் பழைய வேகம் அன்றைக்கே திரும்பும்.

அடுத்தது சத்தம். "ஃபேன் சத்தம்" என்று ஒரே சொல்லில் அடைக்கப்படுவது உண்மையில் ஒரே சங்கதி அல்ல. இதைப் பிரித்துக் கேட்காததால்தான் நல்ல மெஷின்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. காற்று சீறும் இரைச்சல் மட்டும் கேட்கிறது என்றால் ஃபேனில் எந்தக் கோளாறும் இல்லை. தகடுகள் அடைத்துச் சூடு ஏறியதால், மதர்போர்டு அதை முழு வேகத்தில் ஓடச் சொல்லியிருக்கிறது; அது சொன்னபடி ஓடுகிறது. அங்கே ஃபேனை மாற்றினாலும் பயனில்லை, சுத்தம்தான் வேண்டும். "டக் டக்" என்று ஒரே சீராகத் தட்டினால், பெரும்பாலும் உள்ளே ஒரு வயர் நழுவி இறக்கையில் உரசுகிறது. மார்கழிக் காலையில் போட்டதும் கரகரத்து, பத்து நிமிடத்தில் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவருகிறது என்று அர்த்தம். சூடேறி மிச்ச எண்ணெய் இளகியதும் சத்தம் குறைகிறது. நாள் முழுக்கக் கரகரத்து மேஜையே அதிர்ந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, ஃபேனை மாற்ற வேண்டியதுதான். இத்தனையிலும் பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல. இரைந்துகொண்டிருந்த ஃபேன் ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிட்டால் பலர் "தானே சரியாயிருச்சு" என்று நிம்மதி அடைகிறார்கள். அன்றுதான் அது நின்றுபோயிருக்கும்.

நின்ற ஃபேனைக் கம்ப்யூட்டரே காட்டியும் கொடுக்கிறது. ஃபேனிலிருந்து வரும் வயர்களில் ஒன்று அதற்கென்றே இருக்கிறது; ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு என்று மதர்போர்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணக்கு நின்றால், போட்டதும் "சிபியு ஃபேன் எரர்" என்று திரையில் எழுத்து வரும். ஹெச்பி லேப்டாப் "90பி" என்ற எண்ணைக் காட்டும். எஃப்1 பட்டனை அழுத்தித் தாண்டிப் போகலாம் என்று அதுவே வழியும் சொல்வதால், அலுவலகங்களில் தினமும் காலையில் எஃப்1 அழுத்துவது விளக்கேற்றுவது போல ஒரு பழக்கமாகிவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படித் தாண்டிய பிறகு மதர்போர்டு போனால், அந்தப் பழி வயதைச் சேராது. பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் கப்பாசிட்டர்களுக்கு அந்த வசதி இல்லை. மின்பகு திரவம் நிறைந்த கப்பாசிட்டரின் ஆயுள் பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பால பாடம்.

பேரிங்கின் ஆயுளும் கணக்குக்கு உட்பட்டதுதான். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ். அதற்குள் தண்டு சுழலும். இவ்வகைக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் 30,000 மணி நேர அளவில் இருக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்திருக்கும் கடையில் அது எட்டு ஆண்டு. இரவும் பகலும் ஓடும் பண்ணைக் கண்காணிப்புக் கேமரா பெட்டியில் மூன்றரை ஆண்டைக்கூடத் தாண்டாது. சூட்டிலும் தூசியிலும் இரண்டுமே சுருங்கும். ஃபேன் மட்டையாகப் படுத்த நிலையில் இருந்தாலும் புஷ் சீக்கிரம் தேயும். பால் பேரிங் வைத்த ஃபேன் இன்னும் கூடுதலாக உழைக்கும். விலை வித்தியாசம் பெரிதில்லை. தறிப்பட்டறைக்கும் தீவன ஆலைக்கும் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். காசே செலவழிக்க வேண்டாம், ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும் என்பவர்கள். பழுது பார்க்கும் எண்ணம் இருப்பதால் இவர்கள் புதுசு வாங்கச் சொல்கிறவர்களைவிட மேல். ஆனால் பொருள் தவறு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சேலத்து மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டில் என்ன ஆகிறதோ அதுவே பேரிங்கிலும் ஆகும். கோடையில் சூட்டுக்குப் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு நீக்கி ஸ்பிரேயும் உதவாது. அது மிச்சமிருக்கும் எண்ணெயைக் கரைத்து வெளியேற்றி, சில நாள் அமைதி தந்து, பிறகு முன்பைவிட மோசமாக்கும். ஸ்டிக்கருக்கு அடியில் எண்ணெய் விட வழி உள்ள ஃபேன் என்றால் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். அதுவும் புது ஃபேன் வந்து சேரும் வரைக்கான ஏற்பாடுதான். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதும் அப்படியே: அன்றைய வேலை முடியும், ஆனால் பஞ்சு நேராக உள்ளே போகும்.

லாரிக்கு அடிப்பது போல கம்ப்யூட்டருக்கும் ஏர் அடிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். இறக்கையை விரலாலோ குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தன் வேகத்துக்கு மேல் பல மடங்கு சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் காற்றோடு தண்ணீரும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஹீட்சிங்க்கைக் கழற்றினால், பிராசஸருக்கும் அதற்கும் நடுவே இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைக்காமல் மூடுவது, ரேடியேட்டரைக் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டுவதற்குச் சமம்.

புதுசு வாங்கச் சொல்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ஃபேனை எட்ட, கீ-போர்டு வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கிறது. கைபழகாதவர் திறந்தால் நாடா போன்ற கேபிள்கள் கிழியும். சரியான ஃபேன் கிடைப்பதும் ஒரு பிரச்சினைதான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், செருகி பொருந்தாது. செருகி பொருந்தும், தடிமன் கூடும். ஆனால் இதற்கு வழி ஃபேனின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளில் இருக்கும் பாகத்தின் எண்ணையும் வோல்டேஜையும் படம் பிடித்துக்கொண்டு தேடினால் போதும். லேப்டாப்புக்குப் பெரும்பாலும் 5 வோல்ட், டெஸ்க்டாப்புக்கு 12. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை முடிகிற காரியத்துக்கு முப்பது, நாற்பதாயிரம் செலவழிக்கச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது. புது மெஷின் வாங்கினால் செலவு விலையோடு நிற்பதும் இல்லை. டேலி டேட்டாவை மாற்ற வேண்டும், பிரின்டரைப் பேச வைக்க வேண்டும், டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழைத் திரும்ப ஏற்ற வேண்டும். 2018 ஏப்ரல் முதல், இணையத்தில் எடுக்கும் இ-வே பில் இல்லாமல் பெரும்பாலான சரக்கு மாநிலம் தாண்ட முடியாது. புக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் இரண்டு நாள் நின்றால் லாரியும் இரண்டு நாள் நிற்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது என்பதையும் சொல்வார்கள். நியாயமான வாதம், பாதுகாப்பு அப்டேட் இல்லாத மெஷினில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்துதான். ஆனால் அது ஃபேனோடு சேராத வேறொரு கேள்வி. அதற்குப் பதில் விண்டோஸ் 11-ஆகவோ லினக்ஸாகவோ புது மெஷினாகவோ இருக்கலாம். அதை உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டும், ஃபேன் கரகரத்த பதற்றத்தில் அல்ல. மதர்போர்டே கருகிய மெஷினுக்கும் யாரும் பரிந்து பேசவில்லை. கருகிவிட்டதா என்று பார்க்காமலேயே கருகியதாகத் தீர்ப்பு எழுதுவதுதான் எதிர்க்கப்பட வேண்டியது.

இப்படித் தூக்கிப் போட்டவை எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. 2022-இல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐக்கிய நாடுகளின் கண்காணிப்பு அறிக்கை கணக்குச் சொல்கிறது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப்புக்கு, பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, விலைச் சீட்டின் பக்கத்திலேயே காட்டச் சொல்கிறது. பாகம் கிடைக்குமா, எந்த விலைக்கு, கழற்ற எத்தனை படி என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் வரும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென்று ஓர் இணைய தளத்தைத் திறந்தது. தொடக்கம் நல்லது. வாங்குகிறவர் கண்ணில் படும்படி பெட்டியின் மேல் மதிப்பெண் அச்சாகும் நாள் இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டு அரசுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சேலம், நாமக்கல்லின் தறிக்காரர் வீடுகளில் அவற்றில் பல குடும்பத்தின் முதல் கம்ப்யூட்டர். பஞ்சு பறக்கும் அதே வீட்டில், தறிச் சத்தத்துக்கு நடுவே அவை ஓடின. பிறகு கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதலில் பிராசஸரும் நினைவகமும் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுத முடிகிறபோது, ஃபேன் தனியாகக் கழலும்படி இருக்க வேண்டும், அதன் பாக எண்ணும் விலையும் வெளியிடப்பட வேண்டும், ஐந்து ஆண்டுக்கு மாவட்டத் தலைநகரிலாவது கிடைக்க வேண்டும் என்று இன்னும் மூன்று வரி சேர்த்து எழுத முடியும். ஐடிஐ-யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஃபேனைக் கழற்றி மாட்டுவது ஒரு பிற்பகல் வேலை. பள்ளிபாளையத்தில் தறி நிற்கும் விடுமுறை நாளில் உட்கார்ந்தால், தெருவில் இருக்கும் அத்தனை லேப்டாப்பிலும் பஞ்சை உரித்து எடுத்துவிடுவார்கள்.